பிப்ரவரியில் ஒரு மலைப் பயணம்

கார் கண்ணாடிக்கு வெளியே ஒரே வெள்ளை. முன்னால் பனி அள்ளும் வண்டியின் மஞ்சள் விளக்கு, பின்னால் வால் பிடித்த மாதிரி வரிசையாகக் கார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட ஐனார், மகள் தூருனைத் திட்டிக்கொண்டே வந்தார்.

பின்னே? இதே ஹார்டாங்கர் மலைப் பூங்காவில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஜூன் என்றால் சேறு, ஜூலை என்றால் பூ, செப்டம்பரில் கொசு ஒழிந்து மலையே சிவந்து கிடக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"என் பிறந்தநாளுக்கு என் மலைக்குப் போலாம்னியே. எங்கேம்மா மலை? பிப்ரவரியில எந்தப் பைத்தியக்காரனாவது வருவானா?"

தூருன் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். காலையில் காப்பி குடிக்கும்போது ஒரு தடவை வாயைத் திறந்து பார்த்தாள். தம்பி ஹோகோன் பெயர் காதில் விழுந்ததுமே ஐனார் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

தாயின் அடக்கத்துக்கு வராத மகன் அவன். பனியால் மலைப்பாதையை மூடிவிட்டார்கள் என்றான். மலையில் வளர்ந்தவனுக்கு முந்தின நாளே கிளம்பத் தெரியாதா என்பது இவர் கட்சி. அன்றிலிருந்து யார் அவன் பேச்சை எடுத்தாலும் கோடரியோடு விறகு பிளக்கப் போய்விடுவார். வீட்டில் விறகு குவிந்ததுதான் மிச்சம்.

நடுவழியில் நிறுத்த முடியுமா என்று தூருன் மெதுவாகக் கேட்டாள்.

"இதுகூடத் தெரியாம வண்டிய எடுத்தியா? வரிசையில சேர்ந்துட்டா நிறுத்தக் கூடாது, திரும்பக் கூடாது, இறங்கவும் கூடாது. இறங்கினா ரெண்டே எட்டுல திசை தெரியாமப் போயிடும்."

தூருன் தலையாட்டினாள். கைப்பேசியில் எதையோ தொட்டாள். கார் ஒலிபெருக்கியில் போன் மணி அடித்தது, மறுமுனையில் எடுத்தார்கள்.

"அப்பா, நான் ஹோகோன். அன்னிக்கு இதே ரோட்டுலதான் நின்னேன்ப்பா. விடமாட்டேன்னுட்டாங்க. ராத்திரி பூரா கார்லயே அழுதேன்."

ஐனாரின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போனது. கண்ணாடியில் பனிக்காற்று அறைந்தது. மெல்லக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். போக இடமில்லை. மகளை முறைத்தார்.

தூருன் மஞ்சள் விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"ஜூலைன்னா இறங்கி நடந்துடுவீங்களேப்பா."