நொறுங்கிய தகடு

மின்சாரம் தரும் அணுக்கரு இணைவு உலையின் டங்ஸ்டன் சுவரிலிருந்து மாதம் ஒரு தகட்டை எடுத்து, சூடாக்கி வளைத்துப் பார்ப்பது ஜெனோவாவின் வேலை. போன மாதம் தகடு வளைந்தது. இன்று கதிர்வீச்சில் இறுகிப்போய், அப்பளம்போல் நொறுங்கியது.

"உலையை நிறுத்தணும் சார்."

"நிறுத்துனா ஜில்லாவே இருட்டாயிரும்மா. ஒம் புள்ள ஆஸ்பத்திரியில மூச்சு மெஷின்லதான கெடக்கான்?" என்றார் மேலாளர் தங்கசாமி.

சாயங்காலம் 'சுவர் உறுதி' என்று எழுதிக் கொடுத்தாள் ஜெனோவா.

ஒன்பதாம் நாள் சுவர் பிளந்து, அதைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய்கள் உடைந்து நீராவி பீறிட்டது. குழாய் அறையில் இருந்த நான்கு பேர் வெந்து செத்தார்கள். மின்சாரமும் போனது.

ஜெனோவா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"ஒடனே ஜெனரேட்டர் ஓட ஆரம்பிச்சிட்டுக்கா. பிள்ளை முழிக்கக்கூட இல்ல," என்று சிரித்தாள் நர்ஸ்.

தூங்கும் மகனைத் தொட ஜெனோவாவுக்குக் கை எழவில்லை.