திருட்டுப் பட்டம்

அப்பாவை மகன் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, நர்ஸ் அவரைத் திருடர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உங்க திருட்டுத்தனமெல்லாம் எனக்குத் தெரியும் ஐயா! ஒரு நாள் கையும் களவுமாப் பிடிக்கிறேனா இல்லையா பாருங்க!"

வாசலில் மகனைக் கண்டதும் எதையோ அவசரமாகச் சீருடைப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"எப்படிப்பா இருக்கு?" என்று வழக்கம்போல் மெல்லக் கேட்டான்.

"இருக்கேன்."

அதற்குமேல் இருவருக்கும் பேச்சு அகப்படவில்லை. மறுநாள் போய்விட்டார்.

இறந்தவர் வீட்டாரைச் சில வாரம் கழித்துக் கூப்பிட்டு, கவனிப்பு எப்படியிருந்தது என்று கேட்பது அந்த மருத்துவமனையின் வழக்கம். அதற்காகவே காத்திருந்தவன்போல் மகன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தான். அவர் இறந்த அன்றைய அமளியில் விட்டுப்போன கண்ணாடியையும் வீட்டுத் தலையணையையும் தலைமை நர்ஸ் எடுத்துக் கொடுத்தார். அம்மா தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா ஆடிட்டர், மேடம். சின்ன வயசுல நான் சீட்டு ஆடினதுக்கு, கட்டோட அடுப்புல போட்டவர். அப்படிப்பட்ட மனுஷனை, சாகக் கிடக்கிற நேரத்துல திருடன்னு சொல்றதா? அந்தப் பொண்ணு இந்த வார்டுலயே இருக்கக் கூடாது."

நர்ஸை வரவழைத்தார்கள்.

"சொன்னியாம்மா?"

"சொன்னேன் மேடம்."

"ஏன்?"

அவள் அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். "வாய் தவறிடுச்சு. தப்புதான்."

"காரணத்தைச் சொல்லு. இல்லேன்னா உன்னை இங்கேயிருந்து மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

"மாத்திடுங்க மேடம்."

"பார்த்தீங்களா, திமிரை!" என்றான் மகன்.

தலையணையைத் தடவிக்கொண்டிருந்த அம்மாவின் கை ஓரிடத்தில் நின்றது. உறைக்குள் விரலை விட்டாள்.

ஒரு ஜோக்கர் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு ஜோக்கர். அப்புறம் ஒரு ராஜா.

"கல்யாணமான புதுசுல என்கிட்டயும் இதே வேலைதான்," என்றாள் அம்மா. "தோக்கறதுன்னா அவருக்கு ஆகாது. நீங்கள்லாம் பொறந்ததும் விட்டுட்டார்னு நினைச்சேன்."

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரும்மா. வர்றவங்கெல்லாம் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி குசுகுசுன்னு பேசறாங்க, நீயாவது என்கூடச் சண்டை போடுன்னார்."

மகனுக்குத் தன்னுடைய 'எப்படிப்பா இருக்கு' காதில் விழுந்தது.

"உங்க புகாரை என்ன சார் செய்யறது?" என்று கேட்டார் தலைமை நர்ஸ்.

"வேண்டாம் மேடம். விட்டுடுங்க."

எழுந்து வாசல்வரை போனவன் திரும்பி நின்றான்.

"கடைசியா ஆடினப்போ யாரு ஜெயிச்சா, சிஸ்டர்?"

"அவர்தான் சார். தினமும் அவர்தான்."

அம்மா அந்தச் சீட்டுகளைத் திருப்பித் தரவில்லை. நர்ஸின் சீட்டுக்கட்டில் இன்னமும் மூன்று குறைவு.