நாலடி பிளாட்பாரம்

கோவிந்தாபுரம் ஸ்டாப்பில் யாக்கோபு அன்றைக்கும் பஸ்ஸை நடுரோட்டிலேயே நிறுத்தினார்.

பின்னால் தக்காளிக் கூடைகளோடு ரத்தினசாமியின் வேன். அதற்கும் பின்னால் ரெண்டு லாரி, ஒரு மாட்டுவண்டி. முந்திப் போக வழியில்லை.

போன வருஷம், எழுபத்தைந்தில், அந்த ஸ்டாப்பின் பிளாட்பாரத்தை நாலடி ரோட்டுக்குள் நீட்டி, உயர்த்திக் கட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து பஸ் ஓரமாக ஒதுங்குவதில்லை. கடைசி ஆள் ஏறுகிற வரை பின்னால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான்.

ரத்தினசாமி இறங்கி டிரைவர் பக்கம் போனார்.

“ஏனுங்க டிரைவரே, நான் எப்பச் சந்தைக்குப் போய்ச் சேர்றது?”

“ஒரு நிமிசமுங்க. ஏறீட்டிருக்காங்க.”

“இந்தப் பிளாட்பாரத்தை இடிக்கச் சொல்லி மனு எழுதியிருக்கறோம். நாப்பது பேர் கையெழுத்துப் போட்டாச்சு. தெனமும் எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கறது நீங்கதான். நீங்களும் ஒண்ணு போடுங்க.”

யாக்கோபு மனுவைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நான் போடலீங்க. அது இருக்கட்டுமுங்க.”

“ஏன்?”

யாக்கோபு கியரைப் போட்டார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ரத்தினசாமி மகள் தமயந்தியிடம் பொருமினார். அவளுக்குப் போன வாரம்தான் டீச்சர் வேலை கிடைத்திருந்தது.

“அந்த டிரைவருக்குத் தலைக்கனம் அம்மிணி. ஊரே கையெழுத்துப் போட்டிருக்குது. அவரு மட்டும் போட மாட்டாராம்.”

தமயந்தி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

“இனிச் சொல்றதுக்கென்னங்கப்பா. ரெண்டு வருசத்துக்கு முந்தி, ட்ரெயினிங் போயிட்டிருந்தப்ப, அந்த ஸ்டாப்புல நான் விழுந்துட்டனுங்க. அப்பெல்லாம் பஸ் சேத்துல எறங்கித்தான் நிக்கும். படி எட்டாது. கால் வழுக்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால போயிட்டேன். அவரு சட்டுனு பிரேக் போடலீன்னா அவ்வளவுதானுங்க.”

ரத்தினசாமி சாப்பிடுவதை நிறுத்தினார்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“படிப்பை நிறுத்தீருவீங்கன்னு பயமுங்க. வீட்டுல சொல்லீராதீங்கன்னு அவருகிட்டயும் அழுதேன். அவரு சொல்லல. ஆனா லீவு நாளெல்லாம் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்து நடந்து, அந்தப் பிளாட்பாரத்தைக் கட்ட வெச்சாரு.”

படிப்பை நிறுத்தித்தான் இருப்பார். அது ரத்தினசாமிக்கே தெரிந்தது.

மறுநாள் பஸ் நின்றதும் வேனிலிருந்து இறங்கிப் போனார். யாக்கோபு முந்திக்கொண்டார்.

“கையெழுத்துக் கேக்காதீங்க. நான் போட மாட்டனுங்க.”

“அதுக்கு வரலீங்க.” ரத்தினசாமி கையைக் கூப்பினார். “எம் பொண்ணுக்கு டீச்சர் வேலை கெடைச்சிருக்குதுங்க. உங்களுக்குத்தான் மொதல்ல வந்து சொல்லியிருக்கோணும்.”

யாக்கோபு சிரித்தார்.

“ஆர்டரை வாங்குன கையோட பொண்ணு எம் பஸ்ஸுலதானுங்க வந்துச்சு. உங்களுக்கும் முந்தி எங்கிட்டத்தான் சொல்லுச்சு.”