மூணாவது ஒயர்

"எப்பலேர்ந்து இப்படி உதறுது?" பானெட்டுக்குள் குனிந்தபடியே மெக்கானிக் கேட்டார்.

"இன்னிக்குக் காலையிலேர்ந்துதான்" என்றாள், காரை ஓட்டி வந்த பெண்.

"ஆஃப் பண்ணாதீங்க."

ஓடுகிற இன்ஜினில் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிக் கழற்றி மாட்டினார். மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் சத்தம் மாறவில்லை.

"இந்த சிலிண்டர்தான் வேலை செய்யல. ஒயரை யாரோ வேணும்னே தளர்த்தியிருக்காங்க."

"நான்தான்ப்பா. உங்க பேச்சை மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டதிலேர்ந்து ரெண்டு வருஷமா என் போனை நீங்க எடுக்கல. வண்டி திணறினா மட்டும் உங்களால பாராமுகமா இருக்க முடியாதே! ஸ்கூல் விட்டு வந்து இந்த பெஞ்சுல உட்கார்ந்து தினமும் உங்க வேலையைப் பார்த்தவளாச்சே நான்."

அவர் ஒயரை அழுத்தி மாட்டினார். இன்ஜின் சீரானது. துணியை எடுத்து வெகுநேரம் கையைத் துடைத்தார்.

"மாப்பிள்ளையை எங்கேம்மா விட்டுட்டு வந்தே?"