சரளையில் ஆறு கூடுகள்

"வந்த வழியே திரும்பிப் போயிடு" என்றாள் மாவிஸ் திபடோ. துடுப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். படகு ஓட்டுகிறவள் பிடிக்கிற பிடி இல்லை அது.

நான் அசையவில்லை. முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று தூண்டில் நரம்பை உருவிக்கொண்டிருந்தேன்.

மெய்ன் மாநிலத்தில் ஏரி யார் வீட்டுச் சொத்தும் இல்லை. நடந்து வருகிறவனைத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. அதைச் சொன்னேன்.

"சட்டம் பேசுறியா? உன் தொப்பியில தவளை மாதிரிக் கட்டின தூண்டில் முள்ளைக் குத்தி வெச்சிருக்கியே, அது எந்த மீனுக்குன்னு எனக்குத் தெரியாதா? இது டிரவுட் ஏரி. பாஸ் பிடிக்கிறவனுக்கு இங்க என்ன வேலை?"

"புது ஏரி பாத்துட்டு வரேம்மா. என்கூட வர்றவங்களுக்குப் பழைய ஏரியெல்லாம் அலுத்துப்போச்சு."

அது பொய் இல்லை. இறகும் மயிரும் கட்டிய தூண்டிலில் ஸ்மால்மவுத் பாஸ் பிடிக்க ஆட்களை அழைத்துப் போவதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. நல்ல ஏரி என்று ஒன்று வெளியே தெரிந்துவிட்டால் போதும், மறு கோடையில் அங்கே படகுச் சந்தை கூடிவிடும். யாரும் தூண்டில் போடாத தண்ணீரை வருடா வருடம் காட்டினால்தான் என்னைத் தேடி வருவார்கள். எப்படித்தான் கண்டுபிடிக்கிறானோ என்று மற்ற வழிகாட்டிகள் வயிறெரிவார்கள்.

மாவிஸுக்குக் கரையில் மூன்று மரக் கேபின்கள். அவளிடம் வந்து தங்குகிறவர்கள் இந்த ஏரியின் டிரவுட்டுக்காகவே வருகிறவர்கள். யாரும் வளர்த்து விட்டதல்ல. பனிப்பாறை உருகிய காலத்திலிருந்து தானாக இருக்கிற மீன். பாஸ் நுழைந்த சின்ன ஏரியில் டிரவுட் குஞ்சு மிஞ்சாது. டிரவுட் போனால் அவள் கேபின்களைப் பூட்ட வேண்டியதுதான்.

"இதுல பாஸ் கிடையாது. நாப்பது வருஷமா பாக்குறேன்."

"அப்ப அது என்ன?"

தூண்டில் கோலால் காட்டினேன். கரையோரச் சரளையில் சாப்பாட்டுத் தட்டு அளவில் வட்டங்கள். ஆறு எண்ணினேன். சுற்றிலும் பாசி படிந்திருக்க, வட்டங்கள் மட்டும் பெருக்கிவிட்ட மாதிரி வெளுத்திருந்தன.

"மூஸ் மான் மிதிச்ச குழி. போன வருஷமும் இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருடம் டிரவுட்டையே பார்த்த கண்.

ஜூன் மாதம் ஆண் பாஸ் வாலால் சரளையைப் பெருக்கிக் கூடு போடும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண் அங்கேயே காவல் நிற்கும், எது பக்கத்தில் வந்தாலும் பாயும். தூண்டிலை முதல் வட்டத்தின் மேல் விழவிட்டேன். இரண்டு விநாடிகூட ஆகவில்லை, கவ்வியது.

மீனைக் கீழ்த்தாடையில் பிடித்துத் தூக்கினேன். வெண்கல நிறம், பக்கவாட்டில் கறுப்புப் பட்டைகள், சிவந்த கண். பதினைந்து அங்குலம் இருக்கும்.

மாவிஸ் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

எனக்கு மனம் குளிர்ந்தது. ஒளிப்பானேன்? டிரவுட்காரர்கள் வாயில் பாஸ் என்றால் எலி, கரப்பான் வரிசை. அதைப் பிடிக்கிற நாங்களும் அந்த வரிசையில்தான்.

"அதைக் கல்லுல அடி" என்றாள்.

நான் கையைத் தண்ணீருக்குள் இறக்கி விரலைத் தளர்த்தினேன். மீன் நேராகத் தன் கூட்டுக்குப் போய் முட்டையின் மேல் நின்றது.

துடுப்பு என் தோளில் விழுந்தது. நல்ல அடி.

"பழக்கம்மா" என்றேன் தோளைப் பிடித்தபடி. "பிடிச்சதை விட்டுடறதுதான் எங்க வழக்கம்."

"நாசமாப் போக உன் வழக்கம்." மறுபடி ஓங்கினாள், ஆனால் அடிக்கவில்லை. துடுப்பைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கரைப் பாறையில் உட்கார்ந்தாள். அந்த வட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு கேட்டாள், கோபம் வடிந்த குரலில்:

"உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். இது வந்து எத்தனை நாளாகியிருக்கும்?"

"ரெண்டு வருஷம் இருக்கலாம். யாராவது இரைக்குக் கொண்டுவந்த மீன் வாளியைக் கவுத்துட்டுப் போயிருப்பாங்க. கூட்டை எல்லாம் கலைச்சு விடுங்க, கட்டுப்படுத்திடலாம்."

நம்பினாள். அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். "நீ வரலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்று கேபினுக்குள் கூப்பிட்டுக் காப்பியும் கொடுத்தாள். குடித்தேன்.

இந்தக் குளிர்ந்த தண்ணீரில் பாஸ் பதினைந்து அங்குலம் வளர எட்டு வருடம் ஆகும். எட்டு வருடம் முன்பு ஓர் அக்டோபரில் அவள் கேபின்களைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். பதினான்கு குஞ்சுகள் கொண்டுவந்தேன். வழியில் செத்தவை மூன்று.

தோள் வலியோடு வண்டியை எடுத்தேன். இருட்டுவதற்குள் இன்னும் மூன்று ஏரி பார்க்க வேண்டியிருந்தது. அவற்றில் விட்டதும் அதே அக்டோபரில்தான்.