யாரும் ஆராயாத கொத்து

"அண்ணே, இந்த விண்மீன் கொத்தை மனுஷ இனம் இன்னும் புரிஞ்சுக்காததுக்கு ஒரே காரணம், நான் பொறக்கத் தாமதமானதுதான்."

இதைச் சொல்லும்போது ஆராய்ச்சி மாணவன் சிரிக்கவில்லை. சக மாணவர்கள் அவனுக்கு 'நோபல்' என்று பட்டப்பெயர் வைத்ததைக்கூட அவன் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தான்.

தொலைநோக்கியை இயக்கும் அண்ணன் ஃப்ளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் டீ ஊற்றினார். பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"இந்தப் பதிவேட்டைப் பாருங்க. எனக்கு முன்னாடி மூணு பேர் இந்தக் கொத்தைக் கையில எடுத்திருக்காங்க. ஆளுக்கு மூணு தடவை பார்த்திருக்காங்க. அப்புறம் வரிசையா மேகமூட்டம், மேகமூட்டம்னே எழுதி வெச்சிருக்காங்க. அதே ராத்திரி பக்கத்துக் கொத்தைப் பார்த்திருக்காங்கண்ணே! மேகம் என்ன, இதுக்கு மட்டும் குடை பிடிச்சுதா? சோம்பேறிப் பசங்க!"

"ம்."

"நான் நாலு தடவை பார்த்தாச்சு. இன்னிக்கு அஞ்சாவது. அஞ்சு இல்லாம ஆய்வேட்டை வாங்க மாட்டாங்க. என் பிஎச்.டி. பதிவுக் காலமும் இந்த மாசத்தோட முடியுது. இன்னிக்கு விட்டா ஆறு வருஷமும் அம்போ."

"நாலு தடவை பார்த்தியே, கணக்குப் போட்டியா?"

நோபல் தொண்டையைக் கனைத்தான். மூன்று வருடமாகத் தரவைச் சேர்த்து வைத்தானே தவிர, திறந்து பார்க்கவில்லை. "அது அஞ்சு நிமிஷ வேலைண்ணே" என்று கணினி முன் உட்கார்ந்தான்.

கொத்தில் நாற்பத்தொரு விண்மீன்கள். முதல் தடவை பார்த்தபோது அத்தனையும் நொடிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நம்மை விட்டு விலகிக்கொண்டிருந்தன. இரண்டாம் தடவை இருபது. மூன்றாம் தடவை பத்து.

நான்காம் தடவை பூஜ்யம். நாற்பத்தொன்றும் நின்றிருந்தன.

"கருவி கெட்டுப்போச்சுண்ணே."

"பக்கத்துல இருக்கற வேற விண்மீனைப் போட்டுப் பாரு."

போட்டான். நாலு தடவையும் ஒரே வேகம். இம்மி பிசகவில்லை.

"அதெப்படி? மொத ரெண்டு தடவைக்கும் நடுவுல ஒரு வருஷம். கடைசி ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு நாள். ரெண்டுலயும் குறைஞ்சது அதே பத்து. வருஷத்துக்குப் பத்துன்னு வெச்சாலும்..."

"வருஷத்துக்கு இல்ல தம்பி." அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "தடவைக்கு."

நோபல் பதிவேட்டை மறுபடி புரட்டினான்.

"உனக்கு முன்னாடி வந்தவர் விட்டப்போ நாப்பது. அவருக்கு முந்தினவர் விட்டப்போ எழுபது. மொத ஆள் மொத தடவை பார்த்தப்போ நூத்தி இருபதாம். யாராவது பார்த்தாத்தான் குறையுது. பார்க்காத வருஷமெல்லாம் அது பாட்டுக்குப் போயிட்டிருக்கு."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே!"

"மொத நாளே சொன்னேன். பேய்க்கதையை வேற ஆள்கிட்ட வெச்சுக்கோங்கன்னு சிரிச்ச."

"அப்போ, இன்னிக்குப் பார்த்தா என்ன ஆகும்?"

"நான் பத்தாவது ஃபெயிலு. நீயே கழிச்சுப் பாரு."

கழித்துப் பார்த்தான். நின்றிருப்பவை அடுத்து எந்தப் பக்கம் கிளம்பும் என்பதைச் சொல்லக் கணினி தேவைப்படவில்லை.

தலைக்கு மேல் மோட்டார் உறும, கூரை மெல்லப் பிளந்தது. துடைத்து வைத்த மாதிரி வானம். முதல் விண்மீன்கள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன.

ஆறு வருடத்தை ஒருமுறை நினைத்துக்கொண்டான் நோபல். பிறகு, நிமிர்ந்து பார்க்காமலேயே பதிவேட்டை இழுத்து, தேதி போட்டு, முத்து முத்தான கையெழுத்தில் எழுதினான்: 'மேகமூட்டம்.'