எறும்புக் கடி

மறுநாள் காலையில் அழகுசுந்தரத்துக்கு ஆபரேஷன். முழங்கால் மூட்டு ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டது. அந்தப் பக்கம் பாரம் விழாதபடி, மூட்டுக்குக் கீழே எலும்பை வெட்டி, வளைந்த காலை நேராக்குவார்கள்.

'இதெல்லாம் ஒரு ஆபரேஷனா?' என்று மனைவி தேனம்மையிடம் வீரம் பேசிவிட்டுத்தான் வந்தார். காரைக்குடி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததும், பிரஷர் பார்க்கக் கையில் சுற்றிய பட்டையே பாம்பாகத் தெரிந்தது.

பயந்தவர்களிடம் பழைய நோயாளி ஒருவரைப் பேசவிடுவது அந்த ஆஸ்பத்திரி வழக்கம். நர்ஸ் ரேணுகா, அமராவதிபுதூர் விவசாயி சின்னக்கருப்புவை அழைத்து வந்தாள். அவர் வேட்டியைத் தூக்கித் தழும்பைக் காட்டினார்.

"பன்னெண்டு வருசமாச்சுங்கய்யா. இன்னமும் வரப்பு வெட்டுறேன்."

"வெட்டின எலும்பு ஒழுங்காக் கூடிருச்சா?"

"கூடாமயா உங்க முன்னாடி நிக்கேன்?"

"மறுபடி வளைஞ்சிராதே?"

"எங்குட்டு வளைய? இந்தா பாருங்க." குந்தி உட்கார்ந்து எழுந்தார்.

அழகுசுந்தரம் குரலைத் தாழ்த்தினார். "வலி?"

சின்னக்கருப்பு நர்ஸைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"நெசத்தச் சொல்லவாய்யா? மொத ஒரு வாரம் உசுரு போயி உசுரு வந்துச்சு. எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்னு எங்கிட்டச் சொன்னாக."

"வாய் கூசாம அப்படிப் புளுகினது யாரு?"

சின்னக்கருப்பு தலையைச் சொறிந்தார்.

"நீங்கதான், டாக்டரய்யா. எனக்கு ஆபரேஷன் பண்ணுனதும் நீங்கதான்."